11 மிஸ்டு கால்: வேலை நேரத்தில் தொடங்கிய இரண்டு பிரசவங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டும் என் குழந்தைகளின் பிரசவங்கள். இரண்டுக்கும் இடையே 3 வருட இடைவெளி. இரண்டு முறையும் என் மனைவிக்கு வலியோ அறிகுறியோ தொடங்கியபோது நான் வேலையில் இருந்தேன். முதல் முறை எல்லாமே தப்பாகப் போனது. இரண்டாவது முறை, பிரசவம் பல மடங்கு வேகமாக நடந்தும், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் புழங்கும் இடம் என்பதால் உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. நுழையும்போதே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அந்த விதியில் எனக்குக் குறையே கிடையாது. அது உயிர்களைக் காக்கும் விதி. ஆனால் அதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொன்றை நான் யோசிக்காமல் விட்டேன். 8 மணி நேரம் என்னை யாராலும் கூப்பிட முடியாது என்றால், அந்த 8 மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்?

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கோளாறு நடந்தால், எத்தனை மணிக்கு எது நடந்தது என்று நிமிடக் கணக்கில் எழுதி உட்கார்ந்து பார்ப்போம். யாரைத் திட்டலாம் என்று தேடுவதற்காக இல்லை, நேரம் எங்கே போனது என்று கண்டுபிடிப்பதற்காக. முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து, அந்த இரவையும் அதே மாதிரி எழுதிப் பார்த்தேன்.

முதல் நிகழ்வு

மனைவிக்கு அப்போது 38 வாரம் 4 நாள். தலைப்பிரசவம். டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் 10 நாள் இருந்தது. அத்தை அடுத்த வாரம் வருவதாகப் பேச்சு. எனக்கு இரவு ஷிப்ட், 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. ஆலை வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர். மருத்துவமனை எதிர்த்திசையில் 6 கிலோமீட்டர்.

இரவு 1.50-க்கு அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி இல்லை, தண்ணீர் மட்டும் போனது. 1.54-க்கு என்னைக் கூப்பிட்டாள். 2.40-க்குள் 11 முறை கூப்பிட்டிருக்கிறாள். என் போன் லாக்கருக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆலையின் வேறு எந்த நம்பரும் அவளிடம் இல்லை. நான் கொடுத்ததே இல்லை.

3.30 இடைவேளையில் லாக்கரைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "ஏங்க, தண்ணி போயிடுச்சு. வந்துடுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். நல்ல மனிதர், "உடனே கிளம்புப்பா" என்றுதான் சொன்னார். ஆனால் ஓடுகிற மெஷினை விட்டுவிட்டுப் போக முடியாது. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்க 25 நிமிடம் ஆனது. இரவில் இடையில் வெளியேற கேட் பாஸில் ஒரு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் வேறு கட்டடத்தில் இருந்தார். அதற்கு 15 நிமிடம். 4.15-க்குத்தான் பைக்கை எடுத்தேன். எந்தச் சிக்னலில் நின்றேன், எதில் நிற்காமல் போனேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

4.50-க்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நாலாக மடித்த துண்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். காலில் செருப்பு. "ரெண்டு மணிக்கே செருப்பைப் போட்டுட்டேன்" என்றாள்.

ஸ்கேன் ரிப்போர்ட் இருந்த ஃபைலைத் தேடினோம். பை பாதிதான் கட்டியிருந்தது. வண்டிக்குச் சொல்லி, அது தெருவைக் கண்டுபிடித்து வர நேரமானது. 5.25-க்குக் கிளம்பி 5.45-க்கு மருத்துவமனைக்குள் நுழைந்தோம்.

அங்கே நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி என்ன நிறம்?" மனைவி சொன்னாள்: "கொஞ்சம் பச்சையா இருந்துச்சு." நர்ஸின் முகம் மாறியது. "எத்தனை மணிக்கு?" "1.50-க்கு."

பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். அது குழந்தையின் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டிய அறிகுறி அது. எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மதியம் 1.20-க்குக் குழந்தை பிறந்தது. ஒரு இரவு கண்காணிப்பில் வைத்திருந்து, நன்றாக இருக்கிறது என்று கையில் கொடுத்தார்கள்.

235 நிமிடம் எங்கே போனது

பனிக்குடம் உடைந்ததிலிருந்து மருத்துவமனைக்குள் நுழைந்தது வரை 3 மணி 55 நிமிடம், அதாவது 235 நிமிடம். அதில் சாலையில் கழிந்த நேரம் எவ்வளவு? ஆலையிலிருந்து வீடு 35, வீட்டிலிருந்து மருத்துவமனை 20, மொத்தம் 55 நிமிடம்தான். மீதி 180 நிமிடம் யாரும் எங்கும் நகரவில்லை.

அந்த 180-இல், செய்தி என்னிடம் வந்து சேர எடுத்தது 100. ஆலையை விட்டு வெளியேற 45. வீட்டில் ஃபைல், பை, வண்டி என்று 35.

இதை எழுதி முடிப்பதற்கு முன்பு, "வேகமாகப் போய்ச் சேர முடியவில்லையே" என்றுதான் என்னையே நொந்துகொண்டிருந்தேன். பைக்குக்குப் பதில் கார் இருந்திருந்தால், வேறு பாதையில் போயிருந்தால் என்றெல்லாம் யோசித்தேன். அதையெல்லாம் மாற்றியிருந்தால் 10 நிமிடம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு மனைவி ஒரு கேள்வி கேட்டாள். அதுதான் இந்த ஆய்வையே திருப்பிப் போட்டது. "நான் எதுக்கு 4.50 வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்?"

உண்மைதானே. மருத்துவமனை 20 நிமிடத்தில். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பார். 2.30-க்கு அவள் லேபர் வார்டில் இருந்திருக்கலாம். ஏன் போகவில்லை? "நீங்க வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னுதானே பேசியிருந்தோம். நீங்க இல்லாம கிளம்பினா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு. வலியும் இல்ல. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு இருந்துட்டேன்."

நான் தாமதமாக வந்தது இதில் இரண்டாவது கோளாறுதான். அவள் எனக்காகக் காத்திருந்ததே முதல் கோளாறு. எங்களிடம் இருந்த ஒரே திட்டம் "நான் வருவேன்" என்பது. நான் வரமுடியாத நேரத்தில் அந்தத் திட்டம் அவளை நாற்காலியில் கட்டிப்போட்டது. அப்பாவாகப் போகிறவர்கள் போடும் பெரும்பாலான திட்டங்கள் இப்படித்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். நாம் எப்படிப் போய்ச் சேர்வது என்பதைச் சுற்றியே யோசிக்கிறோம். நாம் இல்லாத நேரத்தில் அவள் எப்படிக் கிளம்புவாள் என்பதை யோசிப்பதில்லை.

உடம்பு கொடுக்கும் நேரம்

முதல் பிரசவத்தின்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. இரண்டாவது கர்ப்பத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்தத் தேதி. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் 20-இல் 1 அளவுக்குத்தான். 37-லிருந்து 42 வாரம் வரை எந்த நாளிலும் வரலாம். ஆகவே "தேதிக்கு இன்னும் 10 நாள் இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஷிப்டுக்குப் போகக்கூடாது. 36 வாரம் முடிந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அந்த நாள்தான்.

அப்புறம் நேரம். இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை நடந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். தானாக வலி எடுத்துப் பிறக்கும் குழந்தைகள் அதிகம் பிறப்பது அதிகாலை 4 மணி வாக்கில். மொத்தப் பிரசவங்களில் 10-இல் 7, வழக்கமான அலுவலக நேரத்துக்கு வெளியேதான் நடந்திருக்கின்றன. பகலில் வேலை பார்ப்பவருக்கு இது ஆறுதலாக இருக்கலாம். இரவு ஷிப்ட் பார்ப்பவர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பிரசவம் ஒரே பாய்ச்சலில் நடப்பதில்லை. கருப்பை வாய் மெதுவாக இளகும் ஆரம்பக் கட்டம் சில மணி நேரமும் இருக்கலாம், ஒரு நாளைத் தாண்டியும் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அது முழுதாகத் திறப்பதற்குத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேலும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேலும் ஆவதில்லை. வேலையில் இருக்கும் கணவனுக்கு இது சொல்வது: முதல் போன் வந்தவுடன் பதறிக்கொண்டு வண்டியை விரட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஆனால் விதிவிலக்கு உண்டு. 3 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் துரிதப் பிரசவங்களும் நடக்கின்றன, ஏற்கனவே பிள்ளை பெற்றவர்களுக்கு அது நடக்கும் வாய்ப்பு அதிகம்.

எப்போது கிளம்புவது? தலைப்பிரசவத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 5-1-1: வலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இது 1 மணி நேரம் தொடர வேண்டும். இடைவெளியை ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம் வரை எண்ண வேண்டும். வலி முடிந்ததிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பாகும். இரண்டாவது பிரசவம் என்றாலோ, மருத்துவமனை தூரம் என்றாலோ இவ்வளவு காத்திருக்கக் கூடாது. எப்போது வரவேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பொய் வலி என்றால் இடைவெளி ஒழுங்காக இருக்காது. கொஞ்சம் நடந்தாலோ, படுக்கும் பக்கத்தை மாற்றினாலோ தணியும்.

சில அறிகுறிகளுக்கு எண்ணிக்கையே வேண்டாம். பனிக்குட நீர் பச்சை அல்லது பழுப்பு, சிவப்பாக ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, 37 வாரத்துக்கு முன்பே ஒழுங்காக வரும் வலி. இவற்றில் எது வந்தாலும் கணவனுக்குப் போன் செய்து பதிலுக்குக் காத்திருக்கும் வேலையே கூடாது. நேராக மருத்துவமனை. நிறமில்லாத தெளிந்த நீர் போனாலும் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டாக வேண்டும்.

இரண்டாவது முறை போட்ட திட்டம்

34-ஆவது வாரத்தில் உட்கார்ந்து பேசினோம். முதலில் மாற்றியது அழைப்பின் வரிசையை. முதல் போன் லேபர் வார்டுக்கு. இரண்டாவது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு. மூன்றாவதுதான் எனக்கு. இதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது. ஆனால் எனக்குப் போன் செய்வதால் அவள் ஒரு அங்குலம்கூட மருத்துவமனையை நோக்கி நகரப்போவதில்லை. மற்ற இரண்டு அழைப்புகளால் நகர்வாள்.

இரண்டாவது முடிவு: நான் வீட்டுக்கு வரமாட்டேன். வேலையிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போவேன். "வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்ற வாக்குறுதியை அன்றே எடுத்துவிட்டோம்.

வீட்டில் எடுத்த 35 நிமிடத்தைச் சரிசெய்வது எளிதாக இருந்தது. 35-ஆவது வாரத்தில் பை தயார். ஃபைல் பைக்குள்ளேயே. அக்காவின் காரில் பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் இரண்டு பெரிய துண்டும். மூத்தவன் யாரிடம் இருப்பான் என்பதும் முடிவானது. அவனிடமும் சொல்லி வைத்தோம்.

ஆலையில்தான் நிறைய வேலை இருந்தது. சூப்பர்வைசரிடம் "குழந்தை பிறக்கப்போகுது சார், திடீர்னு போக வேண்டியிருக்கும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வருவது போதாது என்று முதல் முறையே தெரிந்துவிட்டதே. அவர் நல்லவராக இருந்தும் 45 நிமிடம் ஆனது. ஆகவே மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். செய்தி எந்த நம்பருக்கு வரவேண்டும்? என் மெஷினை யார் எடுத்துக்கொள்வார்கள்? கேட் பாஸ் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

பதில்கள் வர இரண்டு நாள் ஆனது. கன்ட்ரோல் ரூமில் லேண்ட்லைன் இருக்கிறது. அந்த நம்பர் மனைவிக்கும் அக்காவுக்கும் போனது. ஒவ்வொரு ஷிப்டிலும் என் மெஷினை ஓட்டத் தெரிந்த ஒருவரின் பெயர் எழுதப்பட்டது. கேட் பாஸில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி, தேதி மட்டும் போடாமல் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார்கள். நான் என் பங்குக்கு, பாதியில் விட்டுப் போனால் அடுத்தவர் எங்கிருந்து தொடர வேண்டும் என்று ஒவ்வொரு மணி நேரமும் லாகில் எழுதத் தொடங்கினேன். கூட வேலை செய்பவர்கள் தோளில் பாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினால், அவர்களும் பதறுவார்கள், எனக்கும் மனம் அங்கேயே இருக்கும். விடுப்பு விதியையும் அப்போதே படித்தேன். விடுப்பு பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுமா, வலி எடுத்த நாளிலிருந்தா, பாதியில் போன ஷிப்ட் எந்தக் கணக்கில் சேரும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். குழந்தை பிறந்த அன்று இதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

இன்னொரு சின்ன ஏற்பாடு எங்களுக்கு ரொம்ப உதவியது. கடைசி மாதத்தில் மனைவியிடமிருந்து எந்தத் தகவல் வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் மூன்று வார்த்தைகள் வைத்துக்கொண்டோம். "சும்மா" என்றால் ஒன்றுமில்லை. "கவனம்" என்றால் ஏதோ தொடங்குவது போலிருக்கிறது, வேலையை ஒப்படைக்கத் தயாராகு. "கிளம்பு" என்றால் கிளம்பு. கன்ட்ரோல் ரூமில் யார் போனை எடுத்தாலும் விளக்கம் தேவையில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து சொன்னால் போதும்.

போன் கையில் வைத்திருக்க முடிகிற வேலை என்றால் இன்னும் ஒன்று செய்யலாம். வலி வரும்போது பேசிக்கொண்டே இருங்கள். அவள் "வருது" என்று சொல்லும்போது மணியைக் குறியுங்கள், "போச்சு" என்று சொல்லும்போது குறியுங்கள். வலி வரும் நேரத்தில் அவளால் வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேச்சு நின்றுவிட்டால், கட்டம் மாறுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

37 வாரம் 2 நாள்: பொய் வலி

மாலை ஷிப்டில் இருந்தேன். மனைவிக்கு வலி வந்து வந்து போனது. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மாலை 6 மணிக்கு மேல் அந்த அறையைப் பூட்டிவிட்டு ஆட்கள் லைனுக்குப் போய்விடுவார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மாலை ஷிப்ட் சூப்பர்வைசருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. திட்டம் பகல் ஷிப்டுக்கு மட்டுமே உயிரோடு இருந்தது.

அவள் முன்பு மாதிரி காத்திருக்கவில்லை. அக்காவோடு மருத்துவமனைக்குப் போனாள், பார்த்தார்கள், கருப்பை வாயில் மாற்றமில்லை, நடக்கச் சொன்னார்கள், வலி தணிந்தது, திரும்பிவிட்டாள். நான் இரவு வீட்டுக்கு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளே கேட் செக்யூரிட்டி நம்பரையும் பட்டியலில் சேர்த்தோம். அங்கே 24 மணி நேரமும் ஆள் உண்டு. மூன்று ஷிப்ட் சூப்பர்வைசர்களிடமும் நானே நேரில் போய்ச் சொன்னேன். பொய் வலிக்காக மருத்துவமனைக்குப் போய்த் திரும்புவதை வெட்கமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். எங்கள் திட்டத்தில் இருந்த மிகப் பெரிய ஓட்டையை அந்தப் பொய் வலிதான் காட்டியது.

வேறு வேலைகளில் இருப்பவர்களுக்கு

என் வேலையின் தடை போன். உங்கள் தடை வேறாக இருக்கலாம். நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர், 36 வாரத்துக்குப் பிறகு ஒரு ராத்திரிக்குள் திரும்பி வரக்கூடிய பயணங்களை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். அது முடியாதென்றால், பிரசவத்துக்குத் தன்னால் வர முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். அது கசப்பான வார்த்தைதான். ஆனால் கூட இருக்கப்போகிறவர் யார் என்பதை அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் நேர்மையாகப் பேச முடியும். காவல் பணி, அறுவை சிகிச்சை அரங்கம், உயரத்தில் வேலை என்று இடத்தை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு, பெயர் குறிக்கப்பட்ட மாற்று ஆள் இல்லாமல் எந்தத் திட்டமும் திட்டமாகாது. சிக்னல் கிடைக்காத இடத்தில் வேலை என்றால், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து பார்ப்பேன் என்று மனைவியிடம் மணியைச் சொல்லி வைக்கலாம். அவளுக்கு அந்த மணி தெரிந்தால் 11 முறை கூப்பிட மாட்டாள்.

எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். பதற்றமும், இரவு ஷிப்ட் என்றால் தூக்கமின்மையும் சேர்ந்த நிலையில் சாலையில் போவது ஆபத்து. முதல் இரவு நான் போன விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. கூட வேலை செய்பவர் ஒருவர் இறக்கிவிடட்டும், அல்லது வாடகை வண்டி.

வழியிலேயே குழந்தை வந்துவிடும் போலிருந்தால் என்ன செய்வது என்பதை உடன் போகப்போகிறவருக்குச் சொல்லி வைத்தோம். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். குழந்தை வந்துவிட்டால் துடைத்து, ஈரத் துணியை அகற்றி, தாயின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள்கொடியை இழுக்கவோ வெட்டவோ கூடாது. அக்கா இதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

இரண்டாவது நிகழ்வு

38 வாரம் 6 நாள். எனக்குப் பகல் ஷிப்ட். மதியம் 1.30-க்கு வலி தொடங்கியது. 2.10-க்கு 6 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிட்டது. வார்டுக்குப் போன் செய்தாள். "ரெண்டாவது பிரசவம்தானே, உடனே வாங்க" என்றார்கள். அக்காவைக் கூப்பிட்டாள். 2.14-க்குக் கன்ட்ரோல் ரூம் போன் அடித்தது. 2.16-க்கு ஒருவர் லைனுக்கு வந்து என் தோளைத் தட்டி "கிளம்பு" என்றார். அந்த வார்த்தையின் அர்த்தம் அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னார்.

2.19-க்கு மாற்று ஆள் மெஷினுக்கு வந்தார். 2.26-க்கு நான் கேட்டுக்கு வெளியே இருந்தேன். செய்தி வந்து 12 நிமிடம். முதல் முறை, அவள் கூப்பிடத் தொடங்கியதிலிருந்து நான் கேட்டைத் தாண்ட 2 மணி 21 நிமிடம் ஆகியிருந்தது. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் காரை எடுத்தார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அண்ணன் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டி, "குடி. அங்கே போய் நீ மயக்கம் போடக்கூடாது" என்றார்.

மனைவி 2.25-க்குக் கிளம்பி, பகல் நெரிசலில் 2.50-க்கு மருத்துவமனை சேர்ந்தாள். பார்த்தபோது கருப்பை வாய் 7 சென்டிமீட்டர் திறந்திருந்தது. நான் 3.25-க்குப் போய்ச் சேர்ந்தேன். குழந்தை 4.05-க்குப் பிறந்தாள். 1.30-லிருந்து கணக்கிட்டால் 2 மணி 35 நிமிடம். துரிதப் பிரசவம்தான். பழைய திட்டத்தின்படி அவள் எனக்காக வாசலில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

அந்த 40 நிமிடத்தில் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு வலியின்போதும் இடுப்பின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தினேன். "இன்னும் கீழ" என்றாள், "இன்னும் அழுத்துங்க" என்றாள். இடைவெளியில் தண்ணீர் கொடுத்தேன். பேசச் சொன்னபோது பேசினேன், சும்மா இருக்கச் சொன்னபோது சும்மா இருந்தேன். பிரசவத்தின்போது ஒருவர் விடாமல் கூடவே இருப்பதைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. அப்படித் துணை இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவை சிகிச்சை குறைகிறது, பிரசவ நேரமும் சற்றுக் குறைகிறது. அந்தத் துணை கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2.50-லிருந்து 3.25 வரை அந்தத் துணை அக்காதான். நான் உள்ளே நுழைந்தபோது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வலிகளின் நேரத்தைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் கையை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, அன்றைய ஷிப்ட் லாகைப் புரட்டிப் பார்த்தேன். சூப்பர்வைசரின் கையெழுத்தில் இருந்தது: "2.14 வீட்டிலிருந்து தகவல். 2.19 ஆள் மாற்றம். 2.26 வெளியேறினார். உற்பத்தி நிற்கவில்லை." இப்போது அதே லைனில் இன்னொரு தம்பியின் மனைவிக்கு 35 வாரம் ஆகிறது. போன வாரம் எங்கள் பட்டியலை எடுத்து, பெயர்களையும் நம்பர்களையும் மாற்றி எழுதி, மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக ஒட்டியிருக்கிறோம்.